55 என்பது மதிப்பெண் அன்று

கேள்வி: எங்கள் அப்பச்சிக்கு வயது 59. கார்த்திகைதோறும் குன்றக்குடி மலையேறிக் கும்பிட்டு வருபவர்கள். சென்ற மாதம் காரைக்குடியில் முழு உடல் பரிசோதனை செய்தபோது, எக்கோ அறிக்கையில் ‘இஎஃப் 55%’ என்று வந்திருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மதுரையில் எடுத்தபோது 60 இருந்தது. இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று ஆத்தா அழுகிறார்கள். மலையேறக் கூடாது என்று தடுத்துவிட்டோம். அடுத்த ஆண்டு மணிவிழா. நாங்கள் பயப்பட வேண்டுமா?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: முதலில் ஆத்தாவின் கண்ணீரைத் துடையுங்கள். 55 என்பது நூற்றுக்கு இவ்வளவு என்று போடப்பட்ட மதிப்பெண் அன்று. நூறு விழுக்காடு வேலை செய்யும் இதயம் என்று ஒன்று உலகத்தில் யாருக்கும் இல்லை.

நுரையீரலில் சுத்தமாகி வரும் இரத்தம் இடது மேலறையில் சேர்ந்து, ஈரிதழ் வால்வு வழியாக இடது கீழறைக்குள் இறங்குகிறது. நிரம்பிய நிலையில் அந்த அறை கொள்வது ஏறத்தாழ 120 மில்லி. நம் பழைய அளவில் ஓர் ஆழாக்குக்கும் குறைவு. பிறகு அறையின் தசை சுருங்குகிறது. வந்த வழியின் வால்வு மூடிக்கொள்ள, மகாதமனியின் வால்வு திறந்து, இரத்தம் உடலுக்குப் பாய்கிறது. இரண்டு வால்வுகளுமே ஒரு பக்கமாக மட்டும் திறப்பவை என்பதால்தான் இரத்தம் பின்வாங்குவதில்லை. 120 மில்லியில் ஒரு துடிப்புக்கு 66 மில்லி வெளியேறினால், அந்தப் பங்குதான் 55 விழுக்காடு. இதையே இஎஃப் என்கிறோம்.

மீதி 54 மில்லி வீணாகத் தங்கிவிட்டது என்று எண்ண வேண்டாம். அது கையிருப்பு. அப்பச்சி படியேறும்போது தசை இன்னும் இறுகச் சுருங்கி, அந்தக் கையிருப்பிலிருந்தும் ஒரு பங்கை எடுத்துக் கொடுக்கும். ஓய்வாக இருக்கும்போதுகூட, நிமிடத்துக்கு 75 துடிப்பு என்று வைத்தால், 66 மில்லி வீதம் கிட்டத்தட்ட 5 லிட்டர் ஆகிறது. பெரியவர் ஒருவரின் உடலில் உள்ள மொத்த இரத்தமும் ஏறக்குறைய அவ்வளவுதான். எக்கோவில் ஆண்களுக்கு 52 முதல் 72 வரையும், பெண்களுக்கு 54 முதல் 74 வரையும் இயல்பு என்று கொள்கிறார்கள். 41 முதல் 49 வரை இருந்தால் சற்றுக் குறைவு. 40 அல்லது அதற்கும் கீழே போனால்தான் தசை தெளிவாகத் தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

அப்படியானால் 60 ஏன் 55 ஆயிற்று? எக்கோ என்பது காதுக்கு எட்டாத ஒலியை நெஞ்சுக்குள் அனுப்பி, அது பட்டுத் திரும்புவதைப் படமாக்கும் முறை. 1953இல் சுவீடனில் எட்லர் என்ற மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும், கப்பல் கட்டும் தளத்தில் உலோக விரிசல் தேடப் பயன்பட்ட கருவியை இரவல் வாங்கி இதைத் தொடங்கினார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும். அந்தப் படத்தில் அறை முழுதும் நிரம்பிய கணத்திலும், நன்றாகச் சுருங்கிய கணத்திலும் உட்சுவரின் ஓரத்தைக் கோடாக வரைந்து கொள்ளளவைக் கணக்கிடுகிறார்கள். சில இடங்களில் அனுபவத்தை வைத்துக் கண்ணாலேயே மதிப்பிடுவதும் உண்டு. ஓரம் மங்கலாகத் தெரிந்தாலோ, வரைபவரின் கை மாறினாலோ, அன்றைய இரத்த அழுத்தம் வேறாக இருந்தாலோ, ஐந்து புள்ளிகள் எளிதில் கூடும், குறையும். இந்த வேறுபாட்டை மட்டும் வைத்து இதயம் தளர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

அதே சமயம், இந்த எண் நன்றாக இருந்தாலே போதும் என்றும் நான் சொல்லமாட்டேன். பல ஆண்டுகளாக இரத்தக் கொதிப்பைக் கவனிக்காமல் விட்டவருக்குக் கீழறையின் சுவர் தடித்து, அறை குறுகி, 80 மில்லிதான் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 60 விழுக்காடு வெளியேறினாலும் 48 மில்லிதான். அறிக்கையில் எண் அழகாக இருக்கும். மனிதருக்கோ நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆகவே அறிக்கையில் சுவரின் தடிமன், வால்வுகளில் கசிவு, சுருங்கிய தசை மீண்டும் இளகி அறை நிரம்பும் விதம் ஆகியவற்றைப் பற்றி எழுதியிருப்பதையும் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்பச்சி இதுவரை நெஞ்சு இறுக்கமோ மூச்சுத் திணறலோ இல்லாமல் மலையேறி இறங்கியிருந்தால், அதுவே இதயத்தைப் பற்றிய நல்ல சாட்சி. மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அவர்களை மலைக்கு அனுப்புங்கள். முன்பு ஏறிய படிகளில் இப்போது பாதியில் நிற்க நேர்ந்தாலோ, கால் வீங்கினாலோ, இரவில் தலையணையை உயர்த்தி வைத்தால்தான் தூக்கம் வருகிறது என்றாலோ, எண் எதுவாக இருந்தாலும் உடனே காட்ட வேண்டும்.

கேள்வி: ஈசிஜி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, எக்கோவும் எடுக்கச் சொல்கிறார்களே, எதற்கு?
– வாசகர், தேவகோட்டை

பதில்: ஈசிஜி இதயத்தில் ஓடும் மின் அலையைக் காட்டும், அந்த மின்சாரத்துக்குத் தசை எவ்வளவு வலுவாகச் சுருங்குகிறது, வால்வு சரியாக மூடுகிறதா என்பதை நேரில் காட்டாது. அவற்றை எக்கோதான் காட்டும். எடுத்த படத்தையும் அறிக்கையையும் பத்திரமாக வைத்திருந்து, அடுத்த முறையும் கூடுமானவரை அதே இடத்தில் எடுங்கள்; அப்போதுதான் பழையதோடு புதியதைச் சரியாக ஒப்பிட முடியும்.