புதுக்குடியிருப்புக் கிரவல் வீதிக்கு எந்தப் பென்ஸ்?

கேள்வி: புதுக்குடியிருப்பில் வீடு, கிளிநொச்சியில் வேலை. விசுவமடு, பரந்தன் வழியாகப் போக வர நாளொன்றுக்கு ஏறத்தாழ 80 கிலோமீற்றர் ஓடுகிறேன். வீட்டுக்குத் திரும்பும் கடைசி 2 கிலோமீற்றரும் கிரவல். லண்டனில் இருக்கும் அண்ணன் கொஞ்சம் உதவுகிறார். ஒரு முறையாவது நல்ல சொகுசு சலூன் ஒன்றை வைத்து ஓட்ட ஆசை. கொழும்பில் இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன்: 2012ஆம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் ஈ220 டீசல், 2013ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ. 520டி. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். மனைவியோ பேசாமல் டொயோட்டா பிரிமியோ வாங்குங்கள் என்கிறார். எதை எடுக்கலாம், ஐயா?

பதில்: உங்கள் மனைவி சொல்வதைக் கேட்டால் இந்தப் பதில் இங்கேயே முடிந்துவிடும். பிரிமியோவின் 1,496 சிசி எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டக்கூடியவர்கள் வவுனியாவிலிருந்து பரந்தன் வரை ஏ9 வீதி நெடுக இருக்கிறார்கள். ஆனால் ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆசைக்குக் கணக்குச் சொல்வது சிரமம், முடிந்தவரை சொல்கிறேன். (பின்பெட்டி தனியாக உள்ள காருக்குச் சலூன் என்று பெயர். நம் ஊரில் சலூன் என்றால் முடி வெட்டும் இடம். உங்கள் கேள்வியில் கார்களின் பெயர்களுக்கு வரும்வரை எனக்கும் சற்றுக் குழப்பம்தான்.)

என் தெரிவு பென்ஸ். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் அதே பென்ஸ்தான் என்று இன்னும் சொல்லவில்லை.

கொழும்பில் முன்பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தால் அரை மணி நேரத்தில் ஸ்கேன் கருவியுள்ள ஒருவரிடம் போய்விடலாம். உங்கள் வழியிலுள்ள உடையார்கட்டில் எரிந்தால் என்ன செய்வீர்கள்? இந்தக் கேள்விக்கு ஒரு தொலைபேசி இலக்கம் பதிலாக இருக்க வேண்டும். ஆகவே காரைத் தேடுவதற்கு முன் மெக்கானிக்கைத் தேடுங்கள். யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ இந்த வகைக் கார்களைத் தொடர்ந்து பார்க்கும், உரிய கணினி மென்பொருள் வைத்திருக்கும் ஒருவர். பென்ஸுக்கு ஸென்ட்ரி, பி.எம்.டபிள்யூ.வுக்கு இஸ்டா என்று அவற்றுக்குப் பெயர். பொதுவான சிறு ஸ்கேன் கருவி இந்தக் கார்களிடம் பாதிக் கதையைத்தான் கேட்டு வாங்கும். நீங்கள் தேர்ந்தெடுத்த மெக்கானிக் எந்தக் காரில் கை பழகியவரோ, அதுவே என் தெரிவைப் புரட்டிப்போடவும் போதும். அவர் பி.எம்.டபிள்யூ. ஆள் என்றால் 520டிக்கே போங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை.

டீசலா பெற்றோலா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அது உங்களுக்குச் சரியாகவே அமைந்திருக்கிறது. இந்த டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கும். அது நிரம்பும்போது கார் தானாகவே அதைச் சுமார் 600 பாகை வெப்பத்தில் எரித்துச் சுத்தம் செய்யும். அதற்கு இடைவிடாத ஓட்டம் வேண்டும். சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடும் கார் அந்த வேலையை முடிக்காமலே நிறுத்தப்படும், வடிகட்டி அடைத்துவிடும். நீங்களோ காலையும் மாலையும் நாற்பது கிலோமீற்றர், சட்டம் அனுமதிக்கும் 70 கிலோமீற்றர் வேகத்தில் சீராக ஓடுகிறீர்கள். அந்த வடிகட்டிக்கு இதைவிட நல்ல வாழ்க்கை கிடையாது. கிளிநொச்சி நகருக்குள்ளேயே சுற்றுபவராக இருந்திருந்தால் டீசலைத் தொடவே வேண்டாம் என்றிருப்பேன்.

எரிபொருளில் மட்டும் கண்டிப்பு வேண்டும். சாதாரண ஓட்டோ டீசலில் கந்தகம் அதிகம். கந்தகம் குறைந்த யூரோ 4 தரச் சுப்பர் டீசலே இந்த எஞ்சின்களுக்கு ஏற்றது. உங்கள் வழியில் எந்தப் பெற்றோல் செட்டில் அது தவறாமல் கிடைக்கிறது என்று ஒரு மாதம் குறித்துப் பாருங்கள். கார் வாங்கிய பின்பு அல்ல, இப்போதே. இன்னொன்று: உழவு இயந்திரத்துக்காக வீட்டுப் பரலில் வைத்திருக்கும் டீசலை எந்த அவசரத்திலும் இதற்குள் ஊற்றாதீர்கள். டீசலை எஞ்சினுக்குள் பீச்சும் ஊசிகளுக்கு அது 2,000 பார் அழுத்தம் வரை போகிறது. பரலின் அடியில் கிடக்கும் தண்ணீரையும் துருவையும் உழவு இயந்திரம் பொறுத்துக்கொள்ளும், இது பொறுக்காது.

இனி இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். 2013ஆம் ஆண்டு 520டியில் இருப்பது என்47 எஞ்சின். அதன் டைமிங் சங்கிலி (எஞ்சினின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்குவது) எஞ்சினின் பின்பக்கம், கியர்பெட்டியை ஒட்டி இருக்கிறது. தேய்ந்தால் மாற்றுவதற்கு எஞ்சினையோ கியர்பெட்டியையோ இறக்க வேண்டும். அறுந்தால் எஞ்சினுக்கே சாவு. ஆரம்ப ஆண்டுகளில்தான் முறைப்பாடு மிக அதிகம் என்பது உண்மை. ஆனாலும் 2014இல் பி47 எஞ்சின் வருவதற்கு முன் செய்த காரென்றால் நான் நிம்மதியாகத் தூங்கமாட்டேன். பென்ஸின் ஓஎம்651 எஞ்சினிலும் சங்கிலி பின்பக்கம்தான், மறைக்கவில்லை. ஆனால் அங்கே பல்சக்கரங்களும் சேர்ந்து வேலை செய்வதால் சங்கிலி சிறியது, தொல்லையும் குறைவு. அந்த எஞ்சினின் நோய் வேறு: ஆரம்பத்தில் பொருத்திய டெல்ஃபை நிறுவனத்தின் பியெசோ ஊசிகள் (மின்சாரம் பட்டால் விரியும் படிகத்தால் இயங்குபவை) பழுதாகி, கார் வேகம் எடுக்க மறுத்த கதைகள் ஏராளம். பின்னர் மின்காந்த வகை ஊசிகள் வந்தன. நீங்கள் பார்த்த காரில் எது இருக்கிறது, எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கெடுத்து விலை பேசுங்கள்.

எஞ்சினை விட்டுக் காரின் அடிக்கு வருவோம். வன்னியில் சொகுசுக் கார்கள் சாவது பெரும்பாலும் அடியில்தான். இந்த இரண்டு கார்களின் வயிற்றுக்கும் தரைக்கும் இடையே ஒரு சாண் கூட இல்லை. பின்னிருக்கையில் மூன்று பேரும் பெட்டியில் ஒரு அரிசி மூட்டையும் ஏறினால் அதுவும் குறையும். 520டியின் எட்டுக் கியர்கள் கொண்ட கியர்பெட்டியின் அடித்தட்டு பிளாஸ்டிக். ஒயில் வடிகட்டி அதனோடு ஒன்றாகவே வார்க்கப்பட்டிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன், ஒட்டுசுட்டானுக்கு அப்பால் ஒரு கிரவல் ஒழுங்கையிலிருந்து இப்படிப்பட்ட ஒரு கார் லொறியில் ஏறி என்னிடம் வந்தது. கல் ஒன்றுதான் பட்டிருந்தது. ஒயில் முழுவதும் வழியில் போய்விட்டது. உரிமையாளர் சத்தம் எதுவும் கேட்கவில்லை என்றார், பாட்டுப் போட்டிருந்தாராம். உண்மைக் காரணம் கல் அல்ல. அதற்கு முந்தைய சேர்விஸில் யாரோ அடி மூடியைக் கழற்றி ஒயில் மாற்றிவிட்டு, ஆணிகளைத் தேட அலுப்புப்பட்டு மூடியைத் திரும்பப் பூட்டாமல் அனுப்பிவிட்டார்கள். அந்த மூடி பார்ப்பதற்கு வெறும் கறுப்புப் பிளாஸ்டிக் பலகை. நம் வீதியில் அதுதான் கவசம். வாங்கப்போகும் காரை உயர்த்தச் சொல்லி, மூடி முழுதாக இருக்கிறதா, எல்லா ஆணிகளும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். மூடி இல்லாத கார் இதுவரை எப்படிப்பட்ட கைகளில் இருந்தது என்பதையும் அதிலேயே அறிந்துகொள்ளலாம்.

சில்லு விடயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. விற்பவர் 18 அங்குலச் சில்லைப் பெருமையாகக் காட்டுவார். வேண்டாம். ஈ220க்கு 16 அங்குலச் சில்லுக்கான 225/55 ஆர்16 என்ற அளவில் வந்த ரயரைப் போடுங்கள்: பக்கச் சுவர் உயரம், கிரவலில் வெடிக்காது, விலையும் குறைவு. 520டியுடன் வரும் ரன்ஃபிளட் ரயர் காற்றில்லாமலே 80 கிலோமீற்றர் தூரம் ஓடும், மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்துக்குள் என்றால். அதனால்தான் அதில் மேலதிகச் சில்லு வைப்பதில்லை. அது ஐரோப்பியக் கணக்கு. நம் ஊரில் அந்த ரயர் உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். அடுத்த ரயர் கொழும்பிலிருந்து வரும்வரை கார் மாமரத்தின் கீழே நிற்கும். அதன் பக்கச் சுவர் தடித்தது, ஆகவே கிரவலில் ஒவ்வொரு குழியையும் உங்கள் முதுகுக்கு அறிவிக்கும். எந்தக் காரை எடுத்தாலும் பெட்டித் தளத்தைத் திறந்து மேலதிகச் சில்லும் ஜாக்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையேல் அவற்றையும் சேர்த்து வாங்குங்கள். காற்றுப் பைத் தொங்கலுள்ள கார் (சுருளுக்குப் பதில் காற்றடைத்த பைகள் காரைத் தாங்கும்) என்று யாராவது ஆசை காட்டினால் வீட்டுக்கு வந்துவிடுங்கள். உங்களுக்கு வேண்டியது இரும்புச் சுருள்.

காரின் வரலாற்றில் ஒரு காலப்பகுதியைத் தனியாகத் தோண்டுங்கள். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. 2022இல் எரிபொருளுக்கு வரிசை, உதிரிப்பாகத்துக்குத் தட்டுப்பாடு. அந்த ஆண்டுகளில் பல சொகுசுக் கார்கள் மாதக்கணக்கில் அசையாமல் நின்றன. ஓடியவற்றில் பல ஒட்டுப்போட்டு ஓடின. 2020 முதல் 2023 வரை என்ன பழுது பார்த்தீர்கள், பாகம் எங்கே வாங்கினீர்கள் என்று கேளுங்கள். கொழும்பில் பழைய பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் வாங்கியது என்றால் அது குற்றமல்ல. எந்தப் பாகம் என்பதே கேள்வி. கதவுக் கண்ணாடி மோட்டார் என்றால் சரி. பிரேக் பம்ப் என்றால் யோசிக்க வேண்டும்.

கொழும்புக் கார் என்பதால் வெள்ளமும் சந்தேகத்துக்குரியது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது தண்ணீரில் நின்ற கார்கள் கழுவித் துடைக்கப்பட்டு இன்னும் ஓடுகின்றன. ஆசனப் பட்டியை முடிவுவரை இழுத்துப் பாருங்கள். அதன் கடைசி முழத்தை யாரும் கழுவுவதில்லை, சேற்றுக்கோடு இருந்தால் தெரியும். 520டியின் பற்றரி பின்பெட்டியில் இருக்கிறது. அந்தக் குழியில் துரு தெரிந்தால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். ஓடிய தூரத்தையும் மீற்றரில் மட்டும் நம்பாதீர்கள். இந்தக் கார்கள் அதைப் பல மின்னணுப் பெட்டிகளில் பதிந்து வைக்கின்றன. மீற்றரைத் திருப்புபவர் எல்லாவற்றையும் திருப்ப மறந்துவிடுவதுண்டு. நல்ல ஸ்கேன் காட்டிக்கொடுக்கும்.

பார்க்கப் போகும் நாளில் எஞ்சினைக் குளிராக வைத்திருக்கச் சொல்லுங்கள். போய் இறங்கியதும் பொனற்றைத் தொடுங்கள். சூடாக இருந்தால் தேநீர் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வாருங்கள். சங்கிலி தேய்ந்திருந்தால் குளிர்ந்த எஞ்சினின் முதல் சில நொடிகளில்தான் அது பேசும். ஓட்டிப் பார்ப்பதற்கு விற்பவர் காட்டும் அகன்ற வீதி உதவாது. உடைந்த ஒழுங்கை ஒன்றைக் கண்டுபிடித்து, பாட்டை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, 20 கிலோமீற்றர் வேகத்தில் போங்கள். முன்சில்லுப் பக்கத்தில் கட்டில் கால் ஆடுவதுபோல் ஓசை வந்தால் சில்லைப் பிடிக்கும் கைகளிலுள்ள ரப்பர் புஷ்கள் போய்விட்டன. அது பெரிய செலவல்ல, ஆனால் விலை குறைக்க நல்ல காரணம்.

பத்திரங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: அடிச்சட்ட இலக்கம் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருக்க வேண்டும், லீசிங் முடிந்திருக்க வேண்டும், பெயர் மாற்றாமல் கைமாறி வந்த கார் வேண்டாம்.

பணம் முழுவதையும் காருக்கே கொடுத்துவிடாதீர்கள். வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கை முதல் ஆண்டுப் பழுதுக்கென்று வங்கியில் போடுங்கள். அது கட்டுப்படாது என்றால் இந்தக் கார் உங்களுக்குக் கட்டுப்படாது. விலை கட்டுப்படுவது வேறு விடயம்.

வாங்கிய பின் ஒயில். உங்கள் ஓட்டம் மாதத்துக்கு 2,000 கிலோமீற்றர் வரும். ஐரோப்பியச் சேர்விஸ் கணக்கு 25,000 வரை போகலாம் என்கிறது. அந்தக் கணக்கு போட்டவர் விசுவமட்டுப் புழுதியைக் கண்டவரல்லர். நான்கு மாதத்துக்கு ஒரு முறை, 8,000த்தில் மாற்றுங்கள், காற்று வடிகட்டியையும் கூடவே தட்டிப் பாருங்கள். கியர்பெட்டி ஒயில் ஆயுளுக்கும் போதும் என்று பி.எம்.டபிள்யூ. சொன்னாலும், அந்தக் கியர்பெட்டியைச் செய்யும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள் மாற்றச் சொல்கிறது. செய்தவன் பேச்சைக் கேளுங்கள். கூலண்ட் குறைந்தால் கிணற்றுத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைக் கல்லைப் பார்த்தாலே காரணம் விளங்கும்.

மாரிக்கு இரண்டு எச்சரிக்கை. மதகுக்கு மேல் தண்ணீர் ஓடும்போது சில்லின் நடுப்பகுதிக்கு மேல் தண்ணீர் என்றால் திரும்பிவிடுங்கள். எஞ்சின் தண்ணீரைக் குடித்தால் உள்ளே தண்டு வளையும். அடுத்தது, வயல் நிரம்பும்போது எலிகள் மேட்டுக்கு ஏறும். ஓடி வந்து நிறுத்திய எஞ்சினின் சூட்டைவிட நல்ல படுக்கை அவற்றுக்கு இல்லை. ஒரு வயரைக் கடித்தால் பிரிமியோவில் ஒட்டிவிடலாம். பென்ஸில் அந்த ஒரு கடிக்கு ஐந்து விளக்குகள் எரியும். நெல் மூட்டை அடுக்கிய கொட்டிலில் காரை விடாதீர்கள், காலையில் பொனற்றைத் திறந்து பார்த்துவிட்டே சாவியைத் திருப்புங்கள்.

இந்தச் சனிக்கிழமை அந்த ஈ220ஐ உங்கள் மெக்கானிக்கோடு போய்ப் பாருங்கள். ஊசி பில், அடி மூடி, ஸ்கேன் தாள் மூன்றும் சரியென்றால் எடுங்கள். ஒன்று பிழைத்தாலும் அடுத்த ஈ220 வரும்வரை பொறுத்திருங்கள். பொறுக்க முடியாவிட்டால் மனைவியின் பிரிமியோ இருக்கவே இருக்கிறது. அதையும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள்.