காணாமல் போகாதவர்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதக் கட்டுரை ஒன்றில் போகிற போக்கில் மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பாடகரின் பெயரைச் சொல்லியிருந்தீர்கள். தேடிக் கேட்டேன். மூன்று வாரமாக வேறு எதையும் கேட்கவில்லை. 1928இல் சில பாடல்களைப் பதிவு செய்துவிட்டு, 1963இல் கண்டுபிடிக்கப்படும்வரை ஒரு குக்கிராமத்தில் மாடு மேய்த்துக்கொண்டும் பருத்தி விளைவித்துக்கொண்டும் இருந்தார் என்று படித்தபோது மனம் பதறிவிட்டது. இப்படி ஒரு மேதையின் முப்பத்தைந்து ஆண்டுகள் வீணாகிவிட்டனவே! அவரைத் தேடிப் போன இளைஞரைப் போலீஸ் என்று நினைத்துப் பயந்தாராம். அதைப் படித்துச் சிரித்துவிட்டேன். ப்ளூஸ் என்ற கறுப்பின மக்களின் பாட்டு வகையைப் பாடுகிறவர்கள் நாற்சந்தியில் பிசாசிடம் ஆன்மாவை விற்று வித்தை பெற்றார்கள் என்கிறார்களே, உண்மையா? ப்ளூஸ் என்றாலே சோகம் என்கிறார்கள். இவர் பாட்டில் சோகத்தையே காணோமே? எனக்கு முப்பத்தொரு வயது. கிதார் வாங்கலாம் என்று இருக்கிறேன். இனிமேல் கற்றுக்கொள்ள முடியுமா? எங்கே தொடங்குவது?

கா., ஈரோடு

அன்புள்ள கா.,

ஹர்ட் வாழ்ந்த சின்ன மரவீட்டை அவருடைய பேத்தி அருங்காட்சியகமாகக் காத்துவந்தார். 2024 பிப்ரவரியில் அது எரிந்துபோனது. அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து அந்த மனிதரின் நினைப்பு என்னை விடவில்லை. உங்கள் கடிதம் வந்த நேரம் அது. கடிதத்தில் உள்ள ஒரு சொல் இரண்டு நாளாக நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. "வீணாகிவிட்டன" என்கிறீர்கள். அதற்கு வருகிறேன்.

முதலில் பிசாசை அனுப்பிவிடுவோம். அந்தக் கதை ராபர்ட் ஜான்சன் என்ற இன்னொரு ப்ளூஸ் பாடகரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஹர்ட் தேவாலயத்துக்குப் போய் வந்தவர். ஒன்பது வயதில் தானாகவே கிதார் பழகியவர். ஒருவன் ராப்பகலாக விரல் தேயக் கற்றதைப் பிசாசின் பெயரில் எழுதுவது எனக்குப் பிடிக்காது. இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

சோகம் பற்றி: ஹர்ட் வளர்ந்த காலத்தில் கிதார்காரன் என்றால் ஊர் கேட்பதையெல்லாம் வாசிப்பவன். ஆட்டப் பாட்டு, கொலைக் கதைப்பாடல், தோத்திரம், ரயில் பாதைக் கூலிகள் சம்மட்டி அடித்தபடி பாடும் பாட்டு, எல்லாம் அவரிடம் இருந்தன. ப்ளூஸ் அதில் ஒரு பங்குதான். 'லூயிஸ் காலின்ஸ்' பாட்டை மறுபடி கேளுங்கள். சுட்டுக் கொல்லப்பட்ட ஒருவனைப் பற்றிய பாட்டு அது. அவன் தாய் அழுகிறாள். ஹர்ட் அதைத் தொட்டிலை ஆட்டுகிறவர் குரலில் பாடுகிறார். அதில் சோகமில்லை என்று எழுதுவதற்கு முன் இன்னும் இரண்டு முறை கேட்டிருக்கலாம்.

போலீஸ் என்று பயந்ததைப் படித்துச் சிரித்தீர்களாமே. இதை என்னால் லேசாக விட முடியாது.

ஹர்ட் வாழ்ந்த அவலான் என்ற அந்த ஊர், மிசிசிப்பி மாநிலத்தின் கிரீன்வுட் நகரத்திலிருந்து அரைமணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கிறது. டாம் ஹாஸ்கின்ஸ் என்ற வெள்ளை இளைஞர் அங்கே போய்ச் சேர்ந்தது 1963இன் தொடக்கத்தில். அதே மாதங்களில் கிரீன்வுட்டில் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க இளைஞர்கள் வீடுவீடாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பிப்ரவரி 28 இரவு, ஊருக்கு வெளியே, அவர்களில் ஒருவரான ஜிம்மி டிராவிஸ் ஓட்டிய காரின்மீது சரமாரியாகச் சுட்டார்கள். அவர் கழுத்தில் குண்டு பாய்ந்தது. மார்ச் மாதம் ஊர்வலம் போனவர்கள்மீது போலீஸ் நாயை ஏவியது. ஜூனில் கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய மெட்கர் எவர்ஸை ஜாக்சன் நகரத்தில் அவர் வீட்டு வாசலிலேயே கொன்றார்கள். கொன்றவன் கிரீன்வுட்காரன். அவனுக்குத் தண்டனை கிடைக்க 1994 வரை ஆனது. 1955இல் எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவனை வீட்டிலிருந்து இழுத்துப்போய்க் கொன்றதும் அந்த வட்டாரத்தில்தான். அப்படிப்பட்ட மண்ணில், எழுபதைத் தொட்ட ஒரு கறுப்பின விவசாயி வீட்டு வாசலில் முன்பின் தெரியாத வெள்ளைக்காரர் வந்து நின்று பெயர் சொல்லிக் கேட்கிறார். தான் ஒரு தப்பும் செய்யவில்லையே என்று அவர் மனம் திடுக்கிட்டதில் சிரிக்க என்ன இருக்கிறது? நீங்கள் நல்ல மனதுள்ளவர் என்பது கடிதத்தில் தெரிகிறது. அதனால்தான் கோபித்துக்கொள்கிறேன்.

இப்போது அந்த முப்பத்தைந்து ஆண்டுகள்.

"கண்டுபிடிக்கப்படும்வரை" என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அவரை யார் தொலைத்தார்கள்? 1952இல் ஹாரி ஸ்மித் தொகுத்த பழைய இசைத்தட்டுத் தொகுப்பில் ஹர்ட்டின் இரண்டு பாடல்கள் இடம்பெற்றன. கேட்டவர்கள் அவர் எப்போதோ செத்திருப்பார் என்று முடிவுகட்டினார்கள். பிறகு இன்னொரு பழைய தட்டு கிடைத்தது. அதில் அவரே அவலான்தான் என் ஊர், அது எப்போதும் என் நினைவில் இருக்கிறது என்று பாடுகிறார். அப்போதைய வரைபடங்களில் அந்த ஊர் இல்லை. பழைய அட்லஸ் ஒன்றில் இருந்தது. ஹாஸ்கின்ஸ் காரை எடுத்துக்கொண்டு போய் அங்கிருந்த கடையில் விசாரித்தார். இந்தச் சாலையில் ஒரு மைல் போ, மேட்டில் ஏறினால் மூன்றாவது தபால் பெட்டி என்று கையைக் காட்டினார்கள்.

மூன்றாவது தபால் பெட்டி! முகவரியோடு இருந்த மனிதர், கா. தன் ஊர்ப் பெயரைத் தட்டிலேயே பாடிவைத்துவிட்டு வந்தவர். பாட்டில் சொன்ன இடத்தில் முப்பத்தைந்து வருடம் இருந்தார். காணாமல் போனவர் அவர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அந்தப் பாட்டு பிறந்த கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த வட்டாரத்து வெள்ளைப் பிடில்காரர் வில்லி நார்மர். பிடிலுக்குத் துணையாகக் கிதார் வாசிப்பவர் வராத நாட்களில் ஹர்ட்டைக் கூப்பிட்டுக்கொள்வார். ஒகே இசைத்தட்டுக் கம்பெனியின் ஆளிடம் அவர்தான் ஹர்ட்டின் பெயரைச் சொன்னார். 1928 பிப்ரவரியில் மெம்ஃபிஸில் பதிவு. பெரிய கூடம், உள்ளே மூன்றே பேர். நாற்காலியில் உட்காரவைத்து, ஒலிவாங்கியை வாய்க்கு நேராக நெருக்கி வைத்து, சரியான இடம் கிடைத்ததும் தலையை அசைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கழுத்து பல நாள் வலித்தது என்று பிற்பாடு அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். எட்டுப் பாடல்கள் பதிவாகி இரண்டுதான் வெளிவந்தன. டிசம்பரில் நியூயார்க்குக்கு அழைத்தார்கள். அந்தப் பெருநகரத்தில் ஊர் ஏக்கம் பிடித்துத்தான் அவலானைப் பற்றிப் பாடினார். தட்டுகள் அதிகம் விற்கவில்லை. அடுத்த வருடம் பங்குச்சந்தை விழுந்தது. அத்தோடு முடிந்தது.

முடிந்தது என்றால் எது முடிந்தது? தட்டு வியாபாரம் முடிந்தது. ஹர்ட் ஊருக்குப் போய்ச் சனிக்கிழமை இரவுகளில் வாசித்தார். அவர் விரல்களே அதற்குச் சாட்சி. கட்டைவிரல் தடித்த தந்திகளில் மாறி மாறி விழுந்துகொண்டே இருக்கும்; நடப்பவன் காலடி மாதிரி, ஒன்றுகூடப் பிசகாது. சுட்டுவிரலும் நடுவிரலும் மெல்லிய தந்திகளில் பாட்டைச் சொல்லும். மோதிரவிரலும் சுண்டுவிரலும் கிதாரின் மரத்தின்மேல் ஊன்றி அசையாமல் நிற்கும். மேளமில்லாத சின்ன வீட்டில், கிதார் ஒன்றை வைத்துக்கொண்டு ஆட்களை விடிய விடிய ஆடவைக்க வேண்டியவனுக்கு வாய்க்கும் கை அது. கட்டைவிரல்தான் மேளம். 1928 பதிவையும் 1963 பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். குரல் தணிந்திருக்கிறது, கை அப்படியே இருக்கிறது. அவரிடம் அப்போது சொந்தமாகக் கிதார்கூட இல்லை. வந்தவர் கொடுத்த கிதாரை வாங்கித்தான் வாசித்துக் காட்டினார். வீணாய்ப் போன கையா அது?

வீணடிக்கப்பட்டதும் உண்டு. அதைப் பற்றி நீங்கள் ஒரு வரி எழுதவில்லை. ஹர்ட் செய்தது போல வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுவது என்றால் என்னவென்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். நிலம் முதலாளியுடையது. விதையும் கோவேறு கழுதையும் சாப்பாட்டுச் சாமானும் அவரிடம் கடன். பருத்தி எடுத்ததும் பாதி அவருக்கு. மீதியில் கடன் கழியும். கணக்கு எழுதுவதும் அவர்தான். எதிர்த்துக் கணக்குக் கேட்டவன் ஊரில் இருக்க முடியாது. ஹர்ட் நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டார். ரயில் பாதையில் சில மாதங்கள் கூலி, பிறகு பருத்தி, சோளம், மாடுகள். நாற்பது ஐம்பது வருட உழைப்பின் பலன் வேறொருவர் நோட்டுப் புத்தகத்தில் போய்ச் சேர்ந்தது. பதற வேண்டுமென்றால் இதற்குப் பதறுங்கள். அவருக்கு மேடை கிடைக்கவில்லையே என்று அழுகிற நாம், அவருக்குக் கூலி கிடைக்கவில்லை என்பதை மட்டும் கிராமிய அழகு போலப் படித்துக் கடந்துவிடுகிறோம்.

உங்களைத் திட்டிக்கொண்டே போகிறேன். இதே கேள்வியை நானும் ஒருமுறை கேட்டிருக்கிறேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது.

போத்தனூர் ரயில்வே காலனியில் ஓய்வுபெற்ற ரயில் கார்டு ஒருவர் இருந்தார், ஆங்கிலோ இந்தியர். அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். மனைவி இறந்துவிட்டார், மகள் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்குப் போய்விட்டாள். மாலையில் திண்ணையில் பிரம்பு நாற்காலியைப் போட்டுக் கிதார் வாசிப்பார். ஒரு கிறிஸ்துமஸுக்கு மகள் அனுப்பிய கேசட்டில்தான் நான் ஹர்ட்டை முதன்முதலில் கேட்டேன். அங்கிள் பாதியில் டேப்ரெக்கார்டரை நிறுத்தி, "கட்டைவிரலைக் கேள், மற்றதை விடு" என்றார். மறுபடி போட்டார். மறுபடி நிறுத்தினார். அன்று இருட்டும்வரை ஒரே பாட்டு.

ஒருநாள் அவர் கல்யாண வீடுகளிலும் ரயில்வே இன்ஸ்டிட்யூட் நடனங்களிலும் வாசித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் குறுக்கே புகுந்து, "அங்கிள், நீங்கள் மெட்ராஸ் போய் சினிமாவில் வாசித்திருக்கலாமே. இங்கே இருந்து வீணாகிவிட்டீர்களே" என்றேன். பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் கிதாரை மடியிலிருந்து எடுத்து உறையில் வைத்தார். உறையின் கொக்கிகளை ஒவ்வொன்றாகப் போட்டார். உள்ளே போய்விட்டார். பத்து நாள் அந்தத் தெருப்பக்கமே போக எனக்கு முகமில்லை.

பிறகு அவரே ஆளனுப்பினார். நான் போனதும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. வலது கையை நீட்டச் சொன்னார். பையிலிருந்து கட்டம் போட்ட கைக்குட்டையை எடுத்து, கட்டைவிரலை மட்டும் விட்டுவிட்டு மற்ற நான்கு விரல்களையும் சேர்த்துக் கட்டினார். இரண்டு மாதம் எனக்கு அந்த ஒற்றை விரல்தான். இரவு வண்டிகள் ஷண்டிங் ஆகும் சத்தத்துக்கு நடுவே, நான் தந்தியைத் தட்டத் தட்ட, அவர் செருப்புக் காலால் சிமெண்டுத் தரையில் தாளம் போடுவார். அந்தத் திண்ணையில் வீணான மாலை ஒன்றுகூட இல்லை.

ஹர்ட்டுக்குப் பிற்பாடு மேடையும் கிடைத்தது. 1963 ஜூலையில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் தொப்பியும் புன்னகையுமாக அவர் உட்கார்ந்து வாசித்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சுவிடாமல் கேட்டார்கள். வாஷிங்டனில் குடியேறினார். காபி விடுதிகளிலும் கல்லூரிகளிலும் பாடினார், புதிய தட்டுகள் வந்தன. அந்த மூன்று ஆண்டுகளை நான் குறைத்துப் பேசவில்லை. அவர் தன் பாட்டுக்குக் கௌரவமான கூலி வாங்கியது அப்போதுதான். அதன் பிறகும் அவர் திரும்பிப் போனது மிசிசிப்பிக்கு. 1966 நவம்பர் 2 அன்று, அவலானுக்குப் பக்கத்துக் கிரெனடாவில் இறந்தார்.

கிதார் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முப்பத்தொன்று ஒரு வயதே இல்லை. விலை உயர்ந்தது வேண்டாம். தந்தி விரலை அறுக்காத அளவுக்குத் தாழ்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். இடது கையால் சி கார்டு என்ற சுரக்கூட்டைப் பிடித்துக்கொண்டு, ஐந்தாம் தந்தி, நான்காம் தந்தி, ஐந்தாம் தந்தி, நான்காம் தந்தி என்று கட்டைவிரலால் மட்டும் தட்டுங்கள். காலால் தாளம் போடுங்கள். மற்ற விரல்கள் சும்மா இருக்காது, துறுதுறுக்கும். வீட்டில் பழைய கைக்குட்டை இருக்கும், கட்டிக்கொள்ளுங்கள். ஒரு கையால் முடிச்சுப் போடுவது கஷ்டம், யாரையாவது கட்டிவிடச் சொல்லுங்கள்.