பனியன் மாம்பலம்

ஐயா,

பெரம்பூரிலிருந்து தரமணிக்கு வேலைக்குப் போகிறேன். தமிழ் வழியில் படித்தவன். போன வாரம் லண்டன் வாடிக்கையாளர் ஒருவரிடம் போனில் 'வெஸ்ட்' என்று மூன்று முறை சொல்லியும் அவருக்குப் புரியவில்லை. பயிற்சி வகுப்பில் நாக்கை அங்கே வை, இங்கே வை என்கிறார்கள். தமிழ் பேசிப் பழகிய வாய்க்கு இதெல்லாம் வருமா?

பெயர் வேண்டாம், பெரம்பூர்

தம்பிக்கு,

வரும். நீங்கள் மேற்கு என்று சொன்னது அவர் காதில் பனியன் என்று விழுந்திருக்கும். லண்டனில் பனியனுக்கும் 'வெஸ்ட்' என்றுதான் பெயர். நம் எழுத்தில் இரண்டும் ஒன்று, அவர்கள் வாயில் வேறு வேறு. நானும் 40 வருஷமாக பனியன் மாம்பலத்துக்குத்தான் டிக்கெட் கேட்டிருக்கிறேன். கண்டக்டர் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்.

'பல்இதழ் இயைய வகாரம் பிறக்கும்' என்கிறார் தொல்காப்பியர். மேற்பல்லும் கீழுதடும் சேரும் இடம். பனியனுக்கு அதே இடம்தான், காற்று கொஞ்சம் உரசட்டும். மேற்கில் பல்லுக்கு வேலையே கிடையாது. விசிலடிக்கப் போகிறவர்போல உதட்டைக் குவித்து 'உ' என்று தொடங்கி, அப்படியே 'எஸ்ட்' என்று விரியுங்கள். கண்ணாடி முன்னால் செய்யுங்கள். பல் உதட்டைத் தொட்டால் பனியன்.

ஃபேனைப் பேன் என்கிற பழக்கம் உங்களுக்கு இருக்காது என்று நம்புகிறேன். இருந்தால் அதே பல், அதே உதடு, தொண்டை மட்டும் அதிரக்கூடாது.

'தேங்க்ஸ்' சொல்லும்போது நாம் நாக்கைப் பல்லில் வைத்து அடைத்துவிடுகிறோம். நுனி பற்களுக்கு நடுவே லேசாக எட்டிப்பார்க்க வேண்டும், காற்று கசிய வேண்டும். 'அது' என்று மெல்லச் சொல்லிப் பாருங்கள். அந்தத் தகரத்தில் நாக்கு முழுசாக அடைப்பதில்லை. அதிலிருந்து தொண்டை அதிர்வை எடுத்துவிட்டால் 'தேங்க்ஸ்' வந்துவிடும்.

நம்மைக் காட்டிக்கொடுப்பது டகரம். நாம் நாக்கை மடித்து அண்ணத்தில் தட்டுகிறோம். அவர்கள் நுனியால் தொடுவது மேற்பல்லுக்குப் பின்னாலுள்ள மேட்டை. யாழ்ப்பாணத்துக்காரர் யாராவது 'வெற்றி' என்று சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? அந்த ற்ற பிறப்பது அதே மேட்டில்தான். நாம் 'டொரண்டோ' என்பதை அவர்கள் 'ரொறன்ரோ' என்று எழுதுவதும் அந்த ஒலியை வைத்துத்தான். சென்னையில் நாம் அதை 'வெட்ரி' ஆக்கிவிட்டு, தொலைத்த ஒலியை கோச்சிங்கில் பணம் கட்டித் தேடுகிறோம்.

பறக்கும் ரயிலில் மட்டும் பழக வேண்டாம். எதிர் சீட்டில் இருப்பவர் விசிலடிப்பதாக நினைத்துக்கொள்வார்.