எந்த இடத்தில் நிற்கிறது?

வணக்கம் சார்,

வீட்டில் இரண்டு பழைய கணினிகள் சும்மா கிடக்கின்றன. ஒன்று 2009-இல் வாங்கிய நெட்புக்: ஆட்டம் என்270, 1 ஜிபி ராம். இன்னொன்று கோர் 2 டியோ டெஸ்க்டாப், 4 ஜிபி ராம், விண்டோஸ் 7. ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் லினக்ஸ் மின்ட் 21-ஐப் பென்டிரைவில் எழுதி இரண்டிலும் ஓட்டிப் பார்த்தேன். ஆபீஸ் லேப்டாப்பில் அதே பென்டிரைவ் ஜம்மென்று வருகிறது. டெஸ்க்டாப்பில் எஃப்12 அழுத்தி யூஎஸ்பி-எச்டிடி என்று கொடுத்தாலும் நேராக விண்டோஸுக்குப் போய்விடுகிறது. நெட்புக்கில் மெனு வருகிறது. எண்டர் தட்டியதும் எக்ஸ்86-64 சிபியூ வேண்டும், இருப்பது ஐ686 என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. வேறு சில டிஸ்ட்ரோக்களையும் (லினக்ஸ் வகைகளையும்) மாற்றிப் பார்த்தாயிற்று. இன்னொரு பென்டிரைவில் போட்டபோது டெஸ்க்டாப்பில் கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. கடையில் கேட்டால் ‘பழைய போர்டு, லினக்ஸ் எடுக்காது, எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடுங்கள்’ என்கிறார்கள். எந்த லினக்ஸ் போட்டால் வரும்?

எஸ்., விருத்தாசலம்

அன்புள்ள எஸ்.,

எந்த லினக்ஸ் என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. இரண்டு கணினிகளும் வேறு வேறு இடத்தில் நிற்கின்றன. நீங்கள் இரண்டுக்கும் ஒரே மருந்தைக் கொடுத்திருக்கிறீர்கள்.

பயாஸ் (கணினியை ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் நிரல்) முதலில் பென்டிரைவைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அதன் முதல் 512 பைட்டுகளைப் படித்து, அங்கே இருக்கும் குட்டி நிரலிடம் பொறுப்பைக் கொடுக்கும். அது லினக்ஸை ஏற்றிவிடும் பூட்லோடரைக் கூப்பிடும், அப்போதுதான் மெனு வரும். மெனுவிலிருந்து லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஏறும், கெர்னல் லைவ் சிஸ்டம் (பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்) இருக்கும் கோப்பைத் தேடும், கடைசியில் டெஸ்க்டாப் திரை. எதுவரை போனது என்று தெரிந்தால் அதுவரை உள்ளதெல்லாம் பெரும்பாலும் சரி என்று விட்டுவிடலாம். மெனுவே வராத இடத்தில் டிஸ்ட்ரோவை மாற்றிக்கொண்டிருப்பது பெரும்பாலும் வீண்வேலை.

நெட்புக் சங்கதி சுலபம். மெனு வந்துவிட்டது, கெர்னலும் வாய் திறந்து காரணத்தைச் சொல்லிவிட்டது. எக்ஸ்86-64 என்றால் 64 பிட், ஐ686 என்றால் 32 பிட். ஆட்டம் என்270 வெறும் 32 பிட் சிபியூ. 64 பிட் கெர்னல் அதில் எந்தக் காலத்திலும் ஓடாது. (உங்களுக்காவது செய்தி வந்தது. சில டிஸ்ட்ரோக்களில் ஒன்றும் சொல்லாமல் திரை கறுத்துவிடும்.) சிக்கல் என்னவென்றால் 32 பிட்டைப் பெரும்பாலானவர்கள் கைவிட்டுவிட்டார்கள். உபுண்டு தன் டெஸ்க்டாப் பதிப்பில் 17.10 முதல் நிறுத்திவிட்டது. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட மின்ட் 19.3 வரை கொடுத்தது. 2025-இல் வந்த டெபியன் 13-இல் 32 பிட் இன்ஸ்டாலரே கிடையாது. 1 ஜிபி ராமுக்கு நான் சொல்வது ஆன்டிஎக்ஸ் 23 என்ற லினக்ஸின் 32 பிட் பதிப்பு. இறக்கும்போது கோப்பின் பெயரில் 386 என்று இருக்கிறதா பாருங்கள். பாட்டு கேட்கலாம், பிடிஎஃப் படிக்கலாம், தட்டச்சு செய்யலாம். யூடியூபை மட்டும் அதில் எதிர்பார்க்காதீர்கள்.

ஆனால் இதை வைத்து ‘பழசென்றால் 32 பிட்’ என்று முடிவு கட்டிவிட வேண்டாம். உங்கள் கோர் 2 டியோ 64 பிட்தான், மின்ட் 21 அதில் தாராளமாக ஓடும். இதற்கு நேர்மாறான கூத்தும் உண்டு: பே டிரெயில் ஆட்டம் போட்டு வந்த சில மலிவு டேப்லெட்-லேப்டாப்புகளில் சிபியூ 64 பிட், யூஇஎஃப்ஐ (பயாஸின் இடத்துக்கு வந்த புதிய நிரல்) 32 பிட். பென்டிரைவில் பூட்ஐஏ32 என்ற இஎஃப்ஐ கோப்பு இல்லாவிட்டால் அவை பென்டிரைவைக் கண்டுகொள்ளவே மாட்டா.

இனி டெஸ்க்டாப். எந்தச் செய்தியும் இல்லாமல் விண்டோஸ் வருகிறது என்றால் பயாஸ் பென்டிரைவைத் தொடவே இல்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். நெட்புக்கும் பழைய பயாஸ்தான், அதில் மெனு வந்துவிட்டதால் பென்டிரைவில் பழைய முறைக்கான பூட் நிரல் இருக்கிறது என்று தெரிகிறது. ஆபீஸ் லேப்டாப்பில் வந்ததை மட்டும் சாட்சியாக எடுக்க முடியாது. புதிய இயந்திரம் யூஇஎஃப்ஐ முறையில் இஎஃப்ஐ கோப்பை நேரடியாகத் தேடி எடுத்துக்கொள்ளும், முதல் செக்டாரில் (அந்த 512 பைட்டுகளில்) நிரல் இருக்கிறதா என்று அதற்குக் கவலை இல்லை. ரூஃபஸில் யூஇஎஃப்ஐக்கான ஜிபிடி பகிர்வு முறையைத் தேர்ந்தெடுத்து எழுதுகிறவர்கள் மாட்டுவது இங்கேதான்.

அந்தக் காலத்து அவார்ட் பயாஸ்களில் ஒரு வேடிக்கை உண்டு. எஃப்12 மெனுவில் யூஎஸ்பி-எச்டிடி, யூஎஸ்பி-ஜிப், யூஎஸ்பி-எஃப்டிடி என்று வரிசையாக இருக்கும். எதைத் தொட்டாலும் ஒன்றும் நடக்காது. ஏனென்றால் பயாஸ் பென்டிரைவை ஹார்ட் டிஸ்க் கணக்கில் சேர்த்துவிட்டிருக்கும். அதே மெனுவில் ஹார்ட் டிஸ்க் என்பதன் மேல் எண்டர் தட்டுங்கள், உள்ளே உங்கள் ஹார்ட் டிஸ்க்குக்குக் கீழே பென்டிரைவின் பெயர் தெரியும். இல்லையென்றால் டெலீட் அழுத்தி பயாஸுக்குள் போய், ஹார்ட் டிஸ்க் பூட் பிரயாரிட்டி பட்டியலில் அதை மேலே ஏற்றுங்கள். பென்டிரைவைச் செருகிய பிறகுதான் கணினியை ஆன் செய்ய வேண்டும், அப்போதுதான் பட்டியலில் வரும். பின்பக்கத்துக் கறுப்புப் போர்ட்டில் செருகுங்கள். தனி கார்டு போட்டுச் சேர்த்த நீல யூஎஸ்பி 3 போர்ட்டுகளை அந்தத் தலைமுறை பயாஸுக்குப் பெரும்பாலும் தெரியாது.

மினுக்கும் கோடு உண்மையில் நல்ல சகுனம். பயாஸ் முதல் செக்டாரைப் படித்து நிரலிடம் ஒப்படைத்துவிட்டது, அடுத்ததை எடுக்க முடியாமல் நிற்கிறது. பென்டிரைவை பயாஸ் ஃபிளாப்பி என்றோ ஜிப் டிரைவ் என்றோ தப்பாக எடுத்துக்கொண்டால் இப்படி ஆகும். ரூஃபஸில் எம்பிஆர் (பழைய பகிர்வு முறை) தேர்ந்தெடுத்து, மேம்பட்ட விருப்பங்களுக்குள் பழைய பயாஸ்களுக்கான திருத்தங்களைச் சேர்க்கும் பெட்டியை டிக் செய்து அந்தப் பென்டிரைவை மறுபடி எழுதுங்கள். முடிந்தால் 4 அல்லது 8 ஜிபி பென்டிரைவாக எடுங்கள். பெரிய யூஎஸ்பி டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கண்ணி: 28 பிட் முகவரியோடு நின்றுபோன பயாஸ் 137 ஜிபிக்கு அப்பால் படிக்காது. அப்போது வட்டுக்கு வெளியே படிக்க முயல்வதாக க்ரப் என்ற பூட்லோடர் பிழை காட்டும்.

எதற்கும் மசியவில்லையென்றால் பிளாப் பூட் மேனேஜரை ஒரு சிடியில் எழுதி அதிலிருந்து பூட் செய்யுங்கள். அதற்குள்ளேயே யூஎஸ்பி டிரைவர் இருப்பதால் பயாஸின் தயவு தேவைப்படாது. சிடி டிரைவைக் கழற்றி எறியாமல் இருந்தால் சரி.

மெனுவைத் தாண்டிக் கறுப்புத் திரை வந்தால் அது கிராஃபிக்ஸ் சமாசாரம். முதலில் மெனுவில் இருக்கும் கம்பேட்டிபிலிட்டி மோடைத் தேர்ந்தெடுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் டேப் தட்டி (க்ரப் மெனுவாக இருந்தால் ‘இ’ தட்டி) கெர்னல் வரியில் நோமோட்செட் என்ற சொல்லை, இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக, ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் சேர்க்க வேண்டும். அப்புறம், டெஸ்க்டாப்பின் தேதி ஒவ்வொரு முறையும் பழைய வருடத்துக்குப் போகிறதா? போனால் போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. நீங்கள் மாற்றி வைத்த பூட் வரிசையும் அதோடு மறந்துபோகும். பேட்டரியை மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

விண்டோஸ் 7-இல் இருக்கும் கோப்புகளுக்குப் பயம் வேண்டாம். இன்ஸ்டால் என்ற ஐகானைத் தொடாதவரை மின்ட் ஹார்ட் டிஸ்க்கில் தானாக எதையும் எழுதாது. அடுத்த கடிதத்தில் டிஸ்ட்ரோ பெயரைவிட, கடைசியாகத் திரையில் என்ன வரி தெரிந்தது என்பதை எழுதுங்கள்; முடிந்தால் செல்போனில் படம் எடுத்து அனுப்புங்கள்.