‘சரி’க்குப் பிறகு ஒரு புள்ளி

அன்புள்ள ஐயா,

எனக்கு 57 வயது. முப்பது வருடங்களாக ஒரே நிறுவனத்தில் இருக்கிறேன். இப்போது என் பிரிவில் ஒன்பது பேர், எல்லோரும் இருபத்தைந்தை ஒட்டிய வயது. கெட்டிக்காரர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்களோடு ஒரு நாளை ஓட்டுவது பெரும்பாடாக இருக்கிறது.

போன் செய்தால் எடுப்பதில்லை. மணி அடித்து ஓய்ந்த மறு நிமிடமே ‘சொல்லுங்க சார்’ என்று மெசேஜ் வருகிறது. கையில்தானே வைத்திருந்தாய், எடுத்தால் என்ன? ஆறு மணி ஆனால் பை தோளுக்கு ஏறிவிடும். ஒரு வேலையைச் சொன்னால் ‘இது எதுக்கு சார்?’ என்ற கேள்விதான் முதலில் வரும். எதற்கும் பொறுமை கிடையாது. வருடம் திரும்புவதற்குள் வேறு வேலை தேட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

போன வாரம் நடந்தது ஒன்றுதான் என்னை எழுத வைத்தது. ஒரு பெண் இரண்டு நாள் விடுப்பு கேட்டு மெசேஜ் அனுப்பியிருந்தாள். ‘சரி.’ என்று பதில் போட்டேன். விடுப்பு முடிந்து வந்தவள் நேராக என் மேஜைக்கு வந்து, ‘சார், என் மேல கோபமா?’ என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ‘சரி’க்குப் பிறகு நான் புள்ளி வைத்துவிட்டேனாம். ஒரு புள்ளியைக்கூடத் தாங்க முடியாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? என் மகனும் இப்படித்தான் இருக்கிறான். நாங்கள் இப்படி இருந்ததில்லை. எங்கே தவறினோம்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் புள்ளியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான்.

அந்தப் பெண் இல்லாத ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளவில்லை. 2015இல் அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் சீலியா கிளின் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 126 மாணவர்களிடம் சில குறுஞ்செய்தி உரையாடல்களைக் காட்டினார்கள். ஒருவர் எங்காவது வரச்சொல்லிக் கேட்கிறார், மற்றவர் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்கிறார். சில பதில்களில் முற்றுப்புள்ளி உண்டு, சிலவற்றில் இல்லை. புள்ளி வைத்த பதில் மனமில்லாமல் சொன்னதுபோல் இருக்கிறது என்று மாணவர்கள் கருதினார்கள். அதே உரையாடலைக் கையால் எழுதிய துண்டுச்சீட்டாகக் காட்டியபோது, புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது.

நான் புரிந்துகொண்ட வரையில் காரணம் இது. காகிதத்தில் வாக்கியம் முடிந்தது என்பதைப் புள்ளிதான் சொல்ல வேண்டும். போனில் அனுப்பும் பொத்தானை அழுத்தியதுமே அது முடிந்துவிடுகிறது. அதற்கு மேலும் ஒரு புள்ளி இருந்தால், சும்மா வந்திருக்காது என்று மனம் கணக்குப் போடுகிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு ‘சரி’ சொன்னது மாதிரி ஆகிவிடுகிறது.

முகமும் குரலும் இல்லாமல் பேசவேண்டிய காலத்தில் இந்தப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். அதனால் எழுத்துக்குள்ளேயே குரலைக் கொண்டுவர வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ‘சரிஇஇ’ என்று இழுத்து எழுதினால் செல்லம். ‘சரிங்க சார்’ என்றால் பணிவு. வெறும் ‘ம்’ என்று வந்தால் ஏதோ சரியில்லை. எழுத்தை நீட்டி ஓசையைக் கூட்டுவதற்கு நம் இலக்கணம் அளபெடை என்று பெயரே வைத்திருக்கிறது. செய்யுளின் ஓசை குறையாமல் இருக்கப் புலவர்கள் செய்ததை, சொல்லில் அன்பு குறையாமல் இருக்க இவர்கள் செய்கிறார்கள். முற்றுப்புள்ளியும் ஆதியிலிருந்து நம்மோடு இருந்ததில்லை. ஓலைச்சுவடிகளில் அது கிடையாது, ஐரோப்பியரின் அச்சோடு வந்து சேர்ந்தது. அச்சோடு வந்த குறி, அச்சை விட்டுத் திரைக்குப் போகும்போது பொருள் மாறத்தான் செய்யும். இதைப் பலவீனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்குக் காது கூர்மை என்றுதான் தோன்றுகிறது.

போன் எடுக்காத விஷயத்தில் எனக்கு இரண்டு மனம் இருக்கிறது.

நாம் வளர்ந்த காலத்தில் மணி அடித்தால் ஓடிப்போய் எடுப்போம். அழைப்பது யார் என்று எடுத்தால்தான் தெரியும், ஆகவே எடுப்பது மரியாதை. இவர்களுக்கு யார் என்று திரையிலேயே தெரிந்துவிடுகிறது. எதற்கு என்பதுதான் தெரியாது. மேலாளரின் பெயர் திடீரென்று ஒளிர்கிறது, என்ன கேட்பாரோ, உளறிவிடுவோமோ என்று நெஞ்சு படபடக்கிறது. எழுத்தில் என்றால் யோசித்துச் சொல்லலாம், தவறாக இருந்தால் அனுப்பும் முன் அழித்துவிடலாம். இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2020 ஏப்ரலில் உலகம் முழுக்க ஏறக்குறைய 160 கோடி மாணவர்களின் படிப்பு கல்விக்கூடங்கள் மூடப்பட்டதால் பாதிக்கப்பட்டது என்று யுனெஸ்கோ கணக்கிட்டது. உங்கள் பிரிவில் இருப்பவர்கள் அந்த மாணவர்கள்தான். அவர்களில் எத்தனையோ பேர் முதல் வேலையைப் படுக்கையறையிலிருந்து பார்த்தவர்கள். அலுவலகத்தில் போனில் எப்படிப் பேசுவது என்று நமக்கும் யாரும் பாடம் எடுக்கவில்லை. பக்கத்து மேஜைக்காரர் வாடிக்கையாளரிடம் குழைவதையும் கறாராக நிற்பதையும் காதில் வாங்கி வாங்கித்தான் கற்றுக்கொண்டோம். இவர்களுக்கு அந்தப் பக்கத்து மேஜை கிடைக்கவில்லை. ‘நான் கூப்பிட்டால் அவசரம் என்று அர்த்தம், மற்றதையெல்லாம் எழுதிவிடுகிறேன்’ என்று ஒருமுறை அவர்களிடம் சொல்லிப் பாருங்கள். சொன்னபடி நீங்களும் நடக்க வேண்டும். அவசரமில்லாத நாளில் கூப்பிட்டுவிட்டால் அந்த ஏற்பாடு அன்றோடு போய்விடும்.

ஆனால் சில விஷயங்களை வாயால்தான் சொல்ல வேண்டும். இழவுச் செய்தியை, மன்னிப்பை, ‘இனிமேல் வரமாட்டேன்’ என்பதை. இளையவர்கள்மீது எனக்கு இருக்கும் உண்மையான வருத்தம் இந்த இடத்தில்தான். ஒரு வேலையிலிருந்தோ நட்பிலிருந்தோ விலக நினைத்தால், பதிலே சொல்லாமல் மறைந்துவிடுகிறார்கள். எல்லோரும் அப்படி இல்லை, ஆனாலும் நிறையப் பேர் செய்கிறார்கள். ஒரு சங்கடமான உரையாடல் மிச்சமாகிறது, அவர்களுக்கு அது நிம்மதி. இந்தப் பக்கம் இருப்பவர் என்ன தப்பு செய்தோம் என்று மாதக்கணக்கில் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். என்னிடம் பேச வரும் இளைஞர்களிடம் இதை முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன். உங்கள் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள், அவர்கள் கேட்டுக்கொள்ளத்தான் செய்கிறார்கள்.

பொறுமை இல்லை என்கிறீர்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். 1960களின் பிற்பகுதியில் ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷெல் குழந்தைகளை வைத்துத் தொடங்கிய சோதனையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மேஜையில் ஒரு தின்பண்டத்தை வைத்துவிட்டு, நான் திரும்பி வரும்வரை தொடாமல் இருந்தால் கூடுதலாகத் தருவேன் என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போய்விடுவார். பல பத்தாண்டுகளில் நடந்த இந்தச் சோதனைகளை ஸ்டெஃபனி கார்ல்சனும் சக ஆய்வாளர்களும் 2018இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1960களின் குழந்தைகளைவிட 2000களின் குழந்தைகள் சராசரியாக இரண்டு நிமிடம் கூடுதலாகக் காத்திருந்தார்கள். இதே ஆய்வில் பெரியவர்களிடம் முடிவை ஊகிக்கச் சொன்னபோது, 72 சதவீதம் பேர் இன்றைய குழந்தைகள் குறைவாகத்தான் காத்திருப்பார்கள் என்றார்கள். அமெரிக்கக் குழந்தைகளை வைத்துச் செய்த ஒரே ஒரு சோதனை, ஒரு தலைமுறையையே அளக்க அது போதாது. ஆனால் நம் ஊகம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டப் போதும்.

ஏன் அப்படிச் சாய்கிறது என்பதற்கும் ஒரு விடை கிடைத்திருக்கிறது. ஜான் புரோட்ஸ்கோ, ஜொனாதன் ஸ்கூலர் என்ற இருவர் 2019இல் வெளியிட்ட ஆய்வு. நிறையப் படிக்கிறவர்கள்தான் ‘இப்போதைய பிள்ளைகள் படிப்பதில்லை’ என்று அதிகம் சொல்கிறார்களாம். அதிகாரத்தை மதிக்கிறவர்கள்தான் ‘பிள்ளைகளுக்கு மரியாதை இல்லை’ என்கிறார்களாம். அப்புறம் ஒன்று செய்தார்கள். சிலரிடம் வேண்டுமென்றே ஒரு பொய் மதிப்பெண்ணைக் காட்டி, உங்கள் வாசிப்பு மற்றவர்களோடு ஒப்பிட்டால் குறைவுதான் என்று நம்ப வைத்தார்கள். உடனே அவர்களுக்கு இன்றைய பிள்ளைகள் அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை. நாம் இன்று எப்படி இருக்கிறோமோ அப்படியே அன்றும் இருந்தோம் என்று நினைத்துக்கொள்கிறோம். நம் வயதுக்காரர்கள் எல்லோரையும் அந்த நினைப்புக்குள் சேர்த்தும் விடுகிறோம்.

இதை நான் வெறும் ஆய்வாகப் படித்துவிட்டுப் போயிருப்பேன். இரண்டு வருடங்களுக்கு முன் பழைய நண்பர் ஒருவர், நான் இருபத்து நாலு வயதில் அவருக்கு எழுதிய கடிதங்களை ஒரு கட்டாகத் திருப்பிக் கொடுத்தார். முதல் வேலையில் பதினோரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு உழைத்தேன் என்பதுதான் என்னைப் பற்றி எனக்கு இருந்த ஞாபகம். என் பிள்ளைகளிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். சேர்ந்த நாலாவது மாதக் கடிதத்தில் ‘இந்த இடம் எனக்கானது இல்லை, வேறு எங்காவது இருந்தால் சொல்லு’ என்று எழுதியிருக்கிறேன். அடுத்த மாதமும். அதற்கு அடுத்த மாதமும். போக நினைத்தவன்தான், போக இடம் இல்லாததால் இருந்திருக்கிறேன். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. 25 முதல் 34 வயது வரையிலானவர்கள் அப்போதைய முதலாளியிடம் இருந்த காலம், இடைநிலை அளவில், 1983இல் 3 வருடம். 2022இல் 2.8 வருடம். அந்த வயதில் ஆட்கள் அன்றும் மாறிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆறு மணிக்குக் கிளம்புவதைப் பற்றி நான் அதிகம் சொல்வதற்கில்லை. வேலை முடிந்திருந்தால் கிளம்பட்டும். நாம் இரவு எட்டு மணிவரை உட்கார்ந்ததற்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருந்தது, நிறுவனம் நம்மைக் கைவிடாது என்று. 2008இலும் 2020இலும் அப்படி உட்கார்ந்த பெற்றோர்கள் வேலையிழந்து வீட்டுக்கு வந்ததை இந்தப் பிள்ளைகள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ‘இது எதுக்கு சார்?’ என்ற கேள்வியும் எனக்குக் குறையாகத் தெரியவில்லை. எதற்கு என்று தெரிந்து செய்கிறவர், நீங்கள் இல்லாத நாளிலும் அதைச் சரியாகச் செய்வார்.

அந்தக் கடிதக் கட்டில் இன்னொன்றும் இருந்தது, உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுத அதுதான் காரணம். என் முதல் மேலாளர் நான் எழுதிக்கொடுக்கும் குறிப்புகளில் சிவப்பு மையால் கோடு போட்டுத் திருப்பி அனுப்புவார். ஒரு வார்த்தை எழுதமாட்டார், வெறும் கோடு. ‘அவருக்கு என்னைக் கண்டாலே ஆகவில்லை, இன்றைக்கும் கோடு’ என்று நண்பருக்குப் பக்கம் பக்கமாகப் புலம்பியிருக்கிறேன். ராத்திரியெல்லாம் தூக்கம் வராது. அவர் ஓய்வு பெற்ற நாளில், ஏதோ ஒரு தைரியத்தில் கேட்டேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். ‘நல்லா எழுதுறவன்கிட்டதான்யா திருத்தத் தோணும். இத்தனை நாளா நீ கேட்கவே இல்லையே’ என்றார். மூன்று வருடம் ஆகியிருந்தது. அவரிடம் கற்றுக்கொண்டிருக்கக்கூடிய எத்தனையோ விஷயங்களைப் பயந்து ஒதுங்கியே தொலைத்திருந்தேன்.

உங்கள் பிரிவில் இருக்கும் பெண் மூன்று வருடம் எடுத்துக்கொள்ளவில்லை. விடுப்பு முடிந்த அன்றைக்கே உங்கள் மேஜைக்கு நடந்து வந்து, நேருக்கு நேர் கேட்டுவிட்டாள். இதை மெசேஜில் கேட்கக் கூடாது என்றுகூட அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

நீங்கள் அவளுக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று கடிதத்தில் இல்லை. இன்னும் சொல்லாமல் இருந்தால், நாளைக்குக் காலையில் அவளுடைய மேஜைக்குப் போய் கோபமில்லை என்று சொல்லிவிடுங்கள்.

அன்புடன்.