ராத்திரி ஒரு மணிக்கு யாரு கொண்டு விடுவா?

கேள்வி: அக்கா, எனக்கு 22 வயசு. பாளையங்கோட்டைல டிகிரி முடிச்சிட்டு ஒரு வருசமா நம்ம பக்கத்து கல்யாண மண்டபங்கள்ல வரவேற்புல நிக்கது, ஸ்டேஜ்ல மைக் புடிச்சி பேசுததுன்னு வேலை பாக்கேன். இப்ப மெட்ராஸ்ல ஒரு ஈவென்ட் கம்பெனில கூப்பிடுதாவ. ஒரு நாளைக்கு 1,500 ரூவா, மாசத்துல பத்து பன்னெண்டு நாள் வேலை இருக்குமாம், ஹாஸ்டல் நாமளே பாத்துக்கிடணும். அம்மா "பொம்பளப்பிள்ள ராத்திரி கண்ட எடத்துல நிக்க வேலைக்கு அம்புட்டு தூரம் போணுமாளா"ன்னு அழுதாவ. மைனி "இப்ப போகலன்னா இங்கனயே கெடக்க வேண்டியதுதான்"ங்காவ. நெஜமாவே அவ்வளவு ஆபத்தாக்கா? எத வச்சி முடிவு பண்ண?
- பேரு வேண்டாம், வீரவநல்லூர்

பதில்: தங்கச்சி, நான் 11 வருசம் மெட்ராஸ்ல இதே வேலை பாத்துட்டு ஊருக்கு வந்தவ. அதனால ஒங்கம்மா அழுகையும் புரியுது, மைனி சொல்லுததும் புரியுது. ஆனா ரெண்டு பேரும் மெட்ராஸ மொத்தமா ஒரே கல்லுல நிறுக்காவ. அப்படி நிறுக்க முடியாதுளா. நந்தம்பாக்கம் டிரேட் சென்டர்ல பகல்ல ஒரு கண்காட்சி, சாயங்காலம் முடிஞ்சிரும்னு வையி, அது நீ அம்பாசமுத்திரத்துல கல்யாணத்துக்கு நின்னுட்டு கடைசி பஸ்ஸ புடிச்சி வாரத விட பாதுகாப்பு. அதே கம்பெனி அடுத்த வாரம் ஈசிஆர்ல ஒரு பண்ணை வீட்டுல ராத்திரி பார்ட்டிக்கு கூப்பிட்டா அது வேற வேலை. சம்பளம் ஒண்ணா இருக்கலாம், ஆபத்து ஒண்ணு இல்ல. ஒவ்வொரு வேலையையும் தனித்தனியா பாரு.

நான் முதல்ல கேக்குதது ஒண்ணே ஒண்ணுதான், முடிஞ்சதும் யாரு கொண்டு விடுவா. போகும்போது எல்லாரும் வேன் அனுப்புவாங்க, ஏன்னா நாம நேரத்துக்கு போலன்னா அவங்களுக்கு நட்டம். திரும்பி வாரது நம்ம பாடு. 2012-ல ஒரு வைகாசி முகூர்த்தம், ஈசிஆர்ல ரிசப்ஷன், முடிய ராத்திரி ஒன்றரை ஆயிட்டு. புடவைய மாத்திட்டு நாலு பிள்ளைவளும் வெளிய வாரோம், வேன் இல்ல. கோஆர்டினேட்டர் போன சுவிட்ச் ஆஃப் பண்ணிட்டாரு. மெயின் கேட்டுல குடிச்சிட்டு நிக்க கூட்டம், எங்கள பாத்து ஒருத்தன் கார் கதவ தொறந்து விடுதான். பின்பக்கம் சமையல் கொட்டகைல வெளக்கு எரிஞ்சிது, அங்கன போயி நின்னோம். அண்டா கழுவிட்டு இருந்த மாஸ்டர் நான் பேசுதத கேட்டதும் "நம்ம ஊரு பிள்ளையா, ஒக்காருங்க தாயி"ன்னு வாழை இலைக்கட்ட நகத்திப் போட்டு டீ போட்டுக் குடுத்தாரு, அவரு கல்லிடைக்குறிச்சிக்காரரு. விடியக்காலம் முதல் பஸ் வாரவரைக்கும் அந்த இலைக்கட்டு மேலதான் இருந்தோம். அந்த மாஸ்டர் இருந்தது எங்க நல்ல நேரம், அத நம்பி ஒரு பிள்ளையும் வேலைக்கு போகக்கூடாது. மெட்ரோ காலைல 5 மணிலருந்து ராத்திரி 11 மணி வரைக்கும்தான், அதுக்கு மேல முடியுத வேலைன்னா டிராப் உண்டான்னு வாட்ஸ்அப்ல எழுத்துல வாங்கு. போன்ல "பாத்துக்கலாம்மா"ன்னு சொன்னா அது இல்லன்னு அர்த்தம், நீயும் வரலன்னு சொல்லிரு.

இன்னொண்ணு டிரெஸ் மாத்துத எடம். பல மண்டபத்துல நமக்கு ஸ்டோர் ரூம்தான் குடுப்பாங்க, சேர் அடுக்கி கெடக்கும், கதவுல கொண்டி இருக்காது. ஒருத்தி மாத்தும்போது இன்னொருத்தி வெளிய நிக்கணும், இத நாங்க ஒரு நாளும் விட்டது கிடையாது. தனி ஒரு பொம்பளப்பிள்ளையா கூப்பிடுத வேலைக்கு, மொத வருசம், போகவே போகாத.

என் அனுபவத்துல வம்பு பண்ணினது தெரியாத கூட்டம் கொஞ்சம்தான், அடுத்த வேலை தாரேன்னு சொல்லுத சூப்பர்வைசர்தான் நெறைய. ஒரு நாள் கூலிக்கு வந்தவ நீ யாருட்ட போயி சொல்லுவன்னு அவங்க நெனைப்பு. ஆனா 2013 பணியிட பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்துல தினக்கூலியும் வருவா, கான்ட்ராக்டர் மூலமா வந்தவளும் வருவா, கம்பெனி வேன்ல நடந்தாலும் அது பணியிடம்தான். பத்து பேருக்கு குறைஞ்ச கம்பெனின்னா, இல்ல முதலாளி மேலயே புகார்னா, மாவட்டத்துல இருக்க உள்ளூர் குழுகிட்ட குடுக்கலாம். 3 மாசத்துக்குள்ள எழுதிக் குடுக்கணும், அத மறந்துராத. அவசரத்துக்கு 112, பெண்களுக்குன்னு 181, ரெண்டையும் மனப்பாடமா வச்சிக்கோ, ஏன்னா அந்த நேரத்துல போன்ல சார்ஜ் இருக்காது, வேற யாரு போனாவது வாங்கி அடிக்கணும்.

கச்சேரி, பெரிய கூட்டம்னா கணக்கே வேற. 2025 ஜூன் 4 பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்துல 11 பேரு செத்தாங்களே, அது கேட்டுகிட்ட நெரிசல்ல. 2024 அக்டோபர் 6 மெரினால விமான சாகசம் பாக்க போன கூட்டத்துல 5 பேரு போனாங்க, அங்க வெயிலும் தண்ணி இல்லாததும். ரெண்டு எடத்துலயும் ஜனங்க கொண்டாட வந்தவங்கதான். ஆனித்தேருக்கு டவுனுக்கு போனா ஒங்க ஆச்சி என்ன சொல்லுவாவ, தேரு திரும்புத முக்குல நிக்காத, தேருக்கும் சுவத்துக்கும் நடுவுல போகாதன்னு. அதேதான் இங்கயும். கேட்டுல டிக்கெட் ஸ்கேன் பண்ணுத வேலை குடுத்தா, பின்னால நான் ஒதுங்க வழி எதுன்னு மொதல்ல பாத்துரு. ஆறடிக்கு மூணடி பத்தமடைப் பாய் ஒண்ணு விரிச்ச மாதிரி நெனைச்சிக்கோ, அதுல எட்டு பேருக்கு மேல நிக்காங்கன்னா, அதாவது சதுர மீட்டருக்கு 5 பேருக்கு மேல, அப்புறம் நம்ம காலு நாம நெனைச்ச பக்கம் போகாது. அதுக்கு முன்னாலயே வாக்கி டாக்கில சொல்லிட்டு விலகிரு. கீழ விழுந்த செருப்ப, போன எடுக்க குனியாத.

பதிவுக் கட்டணம்னு காசு கேட்டாலோ ஒரிஜினல் ஆதார வச்சிக்கிடுதேன்னு சொன்னாலோ அந்த கம்பெனியே வேண்டாம். மத்தபடி என் முடிவு, நீ போ. மொத மூணு மாசம் பகல் வேலை மட்டும் எடு, டிசம்பர் 31 ராத்திரி வேலை எவ்வளவு குடுத்தாலும் வேண்டாம். அம்மாட்ட பொய் சொல்லாம எந்த மண்டபம், யாரு கூட, எத்தன மணிக்கு முடியும்னு ஒவ்வொரு தடவையும் அனுப்பிட்டு போ. அவங்க அழுதது ஊர நெனைச்சி இல்ல, ஒண்ணும் தெரியாம முழிச்சிட்டு இருக்கணுமேன்னுதான்.

கேள்வி: நான் மெட்ராஸ்ல லைட், எல்இடி வால்னு பெரிய ஸ்கிரீன் கட்டுத செட்ல இருக்கேன். மழை வந்தாலும் ஏறுங்காங்க. மாட்டேன்னா வேலை போயிரும். என்ன செய்ய?
- முக்கூடல் தம்பி

பதில்: தம்பி, இதுல யோசிக்கவே ஒண்ணும் இல்ல, லைட் மாட்டுத உலோகச் சட்டம் இருக்குல்லா, அந்த டிரஸ் (truss) நனைஞ்சிருந்தா ஏறாத. ஐப்பசி கார்த்திகைல மெட்ராஸ் மழை எப்படின்னு ஒனக்கே தெரியும். ஜெனரேட்டருக்கு எர்த் ராடு அடிச்சிருக்கா, போர்டுல 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ணுத சுவிட்ச், இருக்கா, அந்த டெஸ்ட் பட்டன அமுக்கினா டிரிப் ஆகுதான்னு நீயே அமுக்கிப் பாரு, ஒரு நிமிசம் ஆகாது. அது இல்லாம அந்த உலோகச் சட்டத்துல கரண்ட் கசிஞ்சா தொட்டவன விடாது. மேல ஏறுனா விழாம புடிச்சிக்கிடுத ஹார்னஸ் பெல்ட் போடு, கீழ ரப்பர் செருப்போட சுத்தாம ஷூ போடு. செட்ல நாலு பேரா சேந்து "மழை விட்டப்புறம் ஏறுதோம்ணே"ன்னு சொல்லுங்க, தனியா சொன்னாதான் வேலை போவும். அப்பவும் அந்த ஆளு கேக்கலன்னா எனக்கு திரும்ப எழுது, இந்த வேலைல நேர்மையான கான்ட்ராக்டர் ரெண்டு மூணு பேர எனக்குத் தெரியும், கேட்டுச் சொல்லுதேன்.