பிட்னஸ் எடுத்த லொறியில் பிரேக் விட்டது ஏன்?
கராஜ் பக்கம்: வாசகர் கேள்விகளுக்கு ஹட்டனிலிருந்து ஒரு பழைய மெக்கானிக்கின் பதில்கள்

கேள்வி: என் லொறிக்குப் போன மாதம்தான் பிட்னஸ் (வீதியில் ஓடத் தகுதியானது என்று சோதித்துத் தரும் சான்றிதழ்) எடுத்தேன். நுவரெலியாவில் கோவாவும் லீக்ஸும் ஏற்றிக்கொண்டு கம்பளைக்கு இறங்கும்போது, றம்பொடை வளைவுகளில் பிரேக் பெடல் மெத்தென்று அடிவரை போய்விட்டது. எப்படியோ ஓரங்கட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து மிதித்தால் பெடல் பழையபடி நிற்கிறது! சோதித்தவர்கள் ஒழுங்காகப் பார்க்கவில்லையா?
– வாசகர், லிந்துலை

பதில்: தம்பி, நீங்கள் தப்பியதே பெரிது. அடுத்த லோட் ஏற்றுமுன் பிரேக் ஒயிலை முழுதாக மாற்றிவிடுங்கள்.

சூடு ஆறியதும் பெடல் திரும்பியது என்றால், பெரும்பாலும் ஒயில் கொதித்து உள்ளே ஆவி கட்டியிருக்கிறது. ஆவி அமுங்கும், அதனால்தான் பெடல் அடிவரை போனது. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 என்ற தரத்து ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸுக்குக் குறையாமல் தாங்கும். ஈரம் ஏறிவிட்டால் 140 பாகையிலேயே கொதித்துவிடலாம். சோதனையில் பார்த்தது ஆறின பிரேக்கை. நீங்கள் இறங்கியதோ 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவிலிருந்து, முழு லோடோடு; கம்பளை வரை அந்த இறக்கம் 1,300 மீட்டருக்கு மேல். அதனால் சோதித்தவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சான்றிதழ் அன்றைய நிலைமைக்குத்தான். மீதி நாளெல்லாம் சோதிக்க வேண்டியவர் நீங்கள்.

எப்படி என்று கேட்பீர்கள். இறக்கம் முடிந்து நிறுத்தியதும், ஒவ்வொரு சில்லுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒன்று மட்டும் கூடுதலாகக் கொதித்தால் அதில் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலையே செய்யவில்லை, மற்றவைதான் அதன் பாரத்தையும் சுமக்கின்றன. டயரின் உள்பக்கம் ஈரக்கறை தெரிந்தால் வீல் சிலிண்டர் (சில்லுக்குள் பிரேக்கைத் தள்ளும் ஒயில் சிலிண்டர்) கசிகிறது. அன்றைக்கு லொறியை எடுக்கக் கூடாது.

அப்புறம், எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எக்ஸோஸ்ட் பிரேக் (புகைக் குழாயை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பது) இருந்தால் போடுங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடவே வேண்டாம். இன்ஜினை அணைத்தால் இன்னும் மோசம்: இரண்டு மூன்று மிதியில், மிதிக்கு உதவி செய்யும் பூஸ்டரின் பலம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும், பவர் ஸ்டியரிங்கும் இறுகிவிடும். 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல வீதியில் நடந்த விபத்தில் 7 பேரைப் பறிகொடுத்தோம். இந்த இறக்கங்கள் எப்படிப்பட்டவை என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேள்வி: புகைப் பரிசோதனை செய்த லொறிக்குப் பிட்னஸும் வேண்டுமா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: வேண்டும். அது புகையை மட்டும் பார்ப்பது. பிரேக், ஸ்டியரிங், டயர், லைட் எல்லாம் பார்ப்பது பிட்னஸில்தான். வருடா வருடம் வாகன வருமான லைசன் புதுப்பிக்க லொறிக்கு இரண்டும் தேவை, இன்சூரன்ஸும் சேர்த்து.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் கொழுந்து ஏற்றும் ட்ரக்டர் பெட்டியிலேயே பெண்களையும் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். பெட்டி கழன்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: தங்கச்சி, முதலில் ட்ரக்டரையும் பெட்டியையும் இணைக்கும் ஊசியைப் பாருங்கள். அது மேலே எழும்பாதபடி கீழே கிளிப் இருக்க வேண்டும். கம்பியை முறுக்கிக் கட்டியிருந்தால் போதாது. ஊசி போகும் துளை தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தால், வளைவில் பெட்டி ஆடி ஆடி ஊசியே முறியலாம். ஊசி போனாலும் பெட்டியைப் பிடித்துக்கொள்ள ஒரு சங்கிலி வேண்டும். பல பெட்டிகளில் தனியாகப் பிரேக்கே கிடையாது. இறக்கத்தில் பெட்டியின் பாரம் முழுவதும் ட்ரக்டரைத் தள்ளும்.

இவையெல்லாம் சரியாக இருந்தாலும் அது கொழுந்துக்கான பெட்டி, ஆளுக்கானது அல்ல. நீங்கள் தனியாகப் போய்ப் பேச வேண்டாம். நாலு பேர் சேர்ந்து தோட்டத் தலைவரையும் கூட்டிக்கொண்டு துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) போங்கள், வேறு வாகனம் கேளுங்கள். ஊசியும் துளையும் இருக்கும் நிலையை போனில் படமெடுத்து வைத்திருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.